அந்தப் பக்கம் கிடந்தவன்

உமாபதி இருமினான். இரண்டு நொடி கழித்து அந்த இருமல் திரும்பி வந்தது.

அங்கே எதிரொலிக்க எதுவும் இல்லை. மலேசியாவில் கோல சிலாங்கூரை அடுத்த அந்தத் தோட்டத்தில், வீட்டின் பின்கதவைத் திறந்தால் செம்பனை மர வரிசைகள் கடல் பக்கம் தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும். மதியம் மூன்று மணி. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ஆற்றோரத்துக் கருவாட்டு வாடை கனத்துக் கிடந்தது. அதற்குள்ளிருந்து இன்னொரு வாடை மெல்ல எழுந்தது: ஈர மூங்கில், அழுகிய இலை, மலைக்குளிர். எட்டு மாதத்துக்கு முன், எண்பத்து மூன்றின் கடைசியில், அவன் விட்டு ஓடிவந்த வாடை.

பின்கதவைத் தாழிட்டான்.

அப்போது தாய்லாந்து எல்லையில், இரு நாட்டு வரைபடங்களும் ஒத்துப்போகாத ஒரு மலைமுகட்டில் அளவைக் குழு ஒன்று எல்லைக்கல் நட்டுக்கொண்டு போனது. உமாபதி வரைபடம் பார்ப்பவன். அவனோடு ஒரே தோட்டத்து லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த சேது, அளவுச் சங்கிலி பிடிப்பவன். பனிமூட்டத்தில் சேது கண்ணிவெடியை மிதித்தான். கால் போய், சரிவில் உருண்டு, பெரணிச் செடிகளுக்குள் கிடந்து கத்தினான். எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டும். குழுத் தலைவர் கேட்டது ஒன்றுதான்: "எந்தப் பக்கம் கெடக்கான்?"

உமாபதி வரைபடத்தில் விரல் வைத்தான். "அந்தப் பக்கம் சார்."

அனுமதி கேட்டு வயர்லெஸில் செய்தி போனது. பதில் வரவில்லை. இரண்டு நாள் சேது தண்ணீர் கேட்டான். மூன்றாம் நாள் காலையில் கேட்கவில்லை.

"ஏங்க." தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை முடிந்து வந்த திலகம் குடையை மடக்கினாள். "பின்னால யாரோ கூப்பிடுறாங்களே, கேக்கலயா?"

மனைவிக்கும் கேட்கிறது.

"நாயா இருக்கும்."

"நாய் தண்ணி கேக்குமா?"

தகரக் கூரையில் மழை விழுந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், பொறுமையாக, கதவின் கீழ்ப்பலகையை ஏதோ சுரண்டியது. திலகம் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். அவன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"தொறக்காத. அது சேது."

"அவரு செத்து எட்டு மாசமாச்சு. அந்தப் பக்கம் கெடந்தாரு, போக முடியலன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இந்தப் பக்கந்தான் கெடந்தான்." அவன் குரல் உடைந்தது. "எனக்குத் தெரியும். சுத்தி வெடி இருந்துச்சு திலகம். பக்கத்துல இருந்தவன் நான். என்னைத்தான் போகச் சொல்லியிருப்பாங்க."

அவள் திட்டவில்லை. கையை மட்டும் உருவிக்கொண்டாள்.

"குலை வெட்டுறவரு யாரோ அடிபட்டுக் கெடக்காரு. உங்களுக்கு மனசு சரியில்ல லா. தள்ளுங்க."

தாழ் விலகியது.

பனி உள்ளே வந்தது.

மழை இல்லை. செம்பனை இல்லை. வாசற்படிக்குக் கீழே சரிவு. மூங்கில். கறுத்த இலைக்குவியல். திலகம் எதையும் கவனிக்காமல் இறங்கிவிட்டிருந்தாள். ஒரு எட்டு. இரண்டு. மூன்று. அப்புறம்தான் நின்றாள்.

பெரணிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. சதை கரைந்த விரல்கள். அவளுடைய கணுக்காலைச் சுற்றின.

அவள் கத்தவில்லை. மெல்லத் திரும்பினாள்.

"ஏங்க. வந்து கையப் பிடிங்க."

அவன் வலது காலை எடுத்தான். கீழே இலைகள். இலைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. எந்த எட்டில் வெடிக்கும் என்று தெரியாது. காலைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டான்.

"ஏங்க."

ஒரு எட்டு. ஒரே எட்டு. கால் வரவில்லை.

முழங்கால்வரை அவள் பெரணிக்குள் இறங்கியிருந்தாள். பிறகு இடுப்புவரை. கண்கள் அவனைவிட்டு அகலவில்லை.