எதை ஆடினாலும்

வாடகை வண்டி வாசலில் வந்து நின்றபோது மழை விட்டிருந்தது. கூரை மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்காரரும் பக்கத்துக் கடைக்காரரும் ஆளுக்கொரு தோள் கொடுக்க, தம்பி ஒற்றைக் காலால் தத்தித் தத்தி உள்ளே வந்தான். மற்றக் கால் தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டுக்குள் கிடந்தது.

அவனும் மனைவியும் குடியிருந்த ஊர் தொலைவு என்பதால், மருத்துவமனைக்கு அருகிலிருந்த தன் வீட்டுக்கே அக்காள் அவனை வரவழைத்திருந்தாள். அது பழைய வீடு. முன்னறையின் உத்தரம் கைக்கெட்டாத உயரத்தில் இருந்தது. சுவர்களில் ஈரம் ஊறிய சுண்ணாம்பு மணந்தது. அந்த அறைக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் அருகில் கைவைத்த நாற்காலியைப் போட்டு, காலை நீட்டிக்கொள்ள முக்காலியும் வைத்து, அக்காள் தம்பியை அமர்த்தினாள்.

"லாரி ஓட்டுறவன இப்படி நாற்காலியில கட்டிப் போட்டா எப்படிக்கா?"

"லாரிய மரத்துல கொண்டுபோய்க் கட்டினது நீதானடா. நாற்காலி மேல ஏன் பழி போடற?"

அவன் சிரித்தான். ஆயினும் அவன் விரல்கள் நாற்காலியின் கையைத் தட்டுவதை நிறுத்தவில்லை. மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, ஊன்றினால் உள்ளே சேர்த்துவைத்த எலும்பு விலகிவிடும், பிறகு லாரி என்ன, படியேறுவதே சந்தேகம்.

காலை ஊன்றாமல் இருக்கச் சொன்னார்களே தவிர, மனத்தை எங்கே ஊன்றுவது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தெருவில் போகும் வண்டிகளின் ஒலியைக் கேட்டு, "கியர் மாத்தத் தெரியாத பய" என்று முணுமுணுப்பான். தட்டில் சோறு ஆறும்வரை அளைந்துகொண்டிருப்பான். ஒரு நாள் அக்காள் அடுக்களையிலிருந்து வந்து பார்த்தபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்துநிற்க முயன்றுகொண்டிருந்தான்.

அன்றுதான் அவனைச் சதுரங்கத்தில் இறக்கிவிடுவதென்று அவள் முடிவு செய்தாள்.

அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துவது அவள் பிழைப்பு. அஞ்சல்வழிச் சதுரங்கம் ஆடுவோர் சங்கத்துக்குப் புதியவர்களைச் சேர்த்துவிடுவது அவள் விருப்பத்தோடு செய்துவந்த பணி. அச்சங்கத்தில் ஆடுபவர்கள் எதிரெதிரே அமர்வதில்லை. ஒருவர் தம் நகர்வை மின்னஞ்சலில் அனுப்புவார். மற்றவர் வீட்டில் பலகை பரப்பி யோசித்துப் பதில் அனுப்புவார். புதிதாக வருபவருக்கு விதிமுறைகளை எழுதியனுப்பி, பொறுமையுள்ள மூத்த ஆட்டக்காரர் ஒருவரோடு இணைத்துவைப்பது அவள் பொறுப்பு.

"ஒரு நகர்வுக்கு எவ்ளோ நேரம் யோசிக்கலாம்?"

"மூணு நாள்."

"மூணு நாள்ல நான் சரக்க இறக்கிட்டுத் திரும்பியே வந்துடுவேன்."

"அதான் மரத்துக்கிட்ட போய் நின்ன. கேளு. அனுப்பின நகர்வ திருப்பி வாங்க முடியாது. ‘நீங்க இத ஆடினா, நான் இத ஆடுவேன்’னு முன்கூட்டியே எழுதலாம், ஒரு தபால் மிச்சம். ஆனா ‘நீங்க எதை ஆடினாலும் என் பதில் இதுதான்’னு மட்டும் எழுதிடாத. அப்புறம் அவர் என்ன செஞ்சாலும் நீ சொன்னத செஞ்சே தீரணும். புதுசா வர்ற எல்லாரும் இதுல ஒரு தடவ மாட்டுவாங்க."

"சரி சரி. எதிராளி யாரு?"

சங்கத்தில் ‘நிதானம்’ என்று பட்டப்பெயர் கொண்ட முதியவரை அவள் தேர்ந்தெடுத்தாள். ரயில்வேயில் கைகாட்டி இயக்கி ஓய்வு பெற்றவர். அவள் அவரை நேரில் கண்டதில்லை. வெகு நாட்களாக அவரிடமிருந்து கடிதமும் இல்லை. இருந்தாலும் புதியவர்களிடம் அவரைப்போல் பரிவாக ஆடுபவர் யாருமில்லை என்று எண்ணி எழுதினாள். கொடுக்கப்பட்ட நாளெல்லாம் எடுத்துக்கொள்ளும் அம்மனிதரின் சம்மதம், அவள் கணினியை மூடுவதற்குள் வந்துசேர்ந்தது.

நகர்வின் கீழே தம் ஊர்ப் பருவநிலையையோ உடல்நிலையையோ பற்றி ஓரிரு வரி எழுதுவது அந்த ஆட்டக்காரர்களிடையே வழக்கம். நிதானமும் எழுதினார்.

‘என் பக்கம் வெளிச்சம் குறைவு. பலகையை மனத்தில் வைத்தே ஆடுகிறேன்.’

அடுத்த முறை: ‘இங்கே ஜன்னல் இல்லை. உங்களுக்கு உண்டா?’

உண்டு, தெருவே தெரியும் என்று தம்பி பெருமையாகப் பதில் எழுதினான். ஆட்டம் அவனைப் பிடித்துக்கொண்டது. விரல் தட்டுவது நின்றது. அக்காள் நிம்மதியடைந்தாள்.

அந்த நிம்மதி ஒரு விடுமுறை நாள் காலையில் கலைந்தது. தம்பி கணினியைப் பார்த்து உரக்கப் படித்தான். "‘பச்சை வண்டி ஒன்று வெகுநேரமாக நிற்கிறதே, யாருடையது?’ என்னக்கா கேக்கறாரு இவரு?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

எதிர்ச் சுவரோரம் பச்சை வண்டி நின்றிருந்தது.

"நீ எழுதினியாடா?"

"நான் ஏன் எழுதப் போறேன்? அது இப்பத்தான் என் கண்ணுலயே படுது."

அறையில் ஈரச் சுண்ணாம்பின் மணத்தோடு வேறொரு மணமும் கலந்திருந்ததை அவள் அப்போது உணர்ந்தாள். மருத்துவமனையில் தரை துடைக்கும் மருந்தின் நெடி. தம்பியின் மாவுக்கட்டிலிருந்து வருகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்நெடி அவனிடமில்லை. எதிர் மூலையில்தான் அடர்ந்திருந்தது.

மறுநாள் அச்சகத்திலிருந்து, பழைய கடிதங்களில் தேடி எடுத்த எண்ணுக்குத் தொலைபேசினாள். நிதானத்தின் மகள் எடுத்தாள். இயந்திர இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அக்காள் விவரம் சொன்னாள்.



"அப்பா தவறிப்போய் ஒரு வருஷம் ஆகப்போகுதுங்க. அவர் கம்ப்யூட்டரக்கூட வித்துட்டோம்."

என்ன ஆயிற்று என்று அக்காள் கேட்டாள்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாருங்க. ஜன்னல் பக்கம் படுக்க வைங்கன்னு கெஞ்சினாரு. வார்டுல மூலைக் கட்டில்தான் கெடச்சுது. சுவத்தப் பாத்துக்கிட்டேதான் போனாரு."

அவள் உடனே தம்பியை அழைத்தாள்.

"இனிமே அவருக்குப் பதில் போடாத. கேக்குதா?"

"காலையிலயே போட்டாச்சே. எனக்கும் என்னமோ போல இருக்குக்கா, இந்த ரூம்ல. சீக்கிரம் முடிச்சிடலாம்னு, ‘எதை ஆடினாலும் என் ராஜா மூலைக்குப் போறான்’னு எழுதிட்டேன். ராஜாவுக்கு அதவிடப் பத்திரமான எடம் ஏது? இரு, பதில் வந்திருக்கு." அவன் குரல் தயங்கிற்று. "‘என் நகர்வு: நான் ஜன்னலருகே அமர்கிறேன்.’ இது எந்தக் காய்க்கா?"

"தம்பி."



முக்காலி நகரும் ஓசை கேட்டது.

பிறகு, கல்லைத் தரையில் வைத்தாற்போன்ற ஓர் ஒலி. மாவுக்கட்டின் ஒலி.

இழுபடும் ஓசை. மறுபடி அந்த ஒலி.

அவள் திருத்திக்கொண்டிருந்த தாள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

நடுப்பகல். தெருவில் வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. யாரோ எங்கோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பூட்டில் சாவியை நுழைத்துத் திருகினாள். கதவு திறந்ததும் மருந்து நெடி முகத்தில் அடித்தது.

தம்பி மூலையில் நின்றிருந்தான்.

இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, நெற்றி சுவரில் படும்படி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். மாவுக்கட்டில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியிருந்தது. அவள் அவன் தோளைப் பற்றி இழுத்தாள். சுவரோடு சேர்த்துக் கட்டிய தூணை இழுப்பதுபோல் இருந்தது.

"வாடா. உட்காரு. கால் போயிடும்டா."

அவன் உதடுகள் சுவருக்குச் சொல்வதுபோல் அசைந்தன.

"என் முறை இல்லக்கா. இன்னும் அவர் முறை."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலின் இரு கதவுகளும் அகலத் திறந்திருந்தன. நாற்காலியில் எவரும் இல்லை.

ஆனால் அதன் மெத்தை அழுந்தியிருந்தது.

ஒரு நகர்வுக்கு மூன்று நாள். அவர் ஆடும்வரை தம்பி இப்படியே நிற்பான். தம்பியின் கட்டிலிருந்து மாவு உதிர்ந்து விழும் ஓசையை அவள் கேட்டாள். அழுவதற்கு நேரமில்லை. அவன் மடியில் வைத்திருந்த கணினி இப்போது அந்த நாற்காலியின் எதிரில், முக்காலியின்மேல் இருந்தது. அவள் அதன்முன் மண்டியிட்டாள். அவள் தலைக்கு மேலே யாரோ நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

சங்கத்தின் விதிகளில், அவளைப்போல் ஆட்டங்களை இணைத்துவைக்கும் அமைப்பாளருக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஆட முடியாதவருக்கு மாற்றாக வேறொருவரை அவரிடத்தில் அமர்த்தலாம். அத்தனை ஆண்டுகளில் அவள் அதைப் பயன்படுத்தியதில்லை.

‘புதிய ஆட்டக்காரர் உடல்நலக் குறைவால் விலகுகிறார். அவருக்கு மாற்றாக நான் ஆடுகிறேன். நாம் இருவரும் இனிப் பலகையில் மட்டுமே ஆடுவோம். ஜன்னல் உங்களுக்கே இருக்கட்டும்.’

அனுப்பினாள்.

தலைக்கு மேலே கேட்ட மூச்சு ஒரு கணம் நின்றது.

திரையில் ஒரே வரி வந்தது: ‘மாற்று ஆட்டக்காரரை ஏற்கிறேன்.’

மூலையில் தம்பி வேரறுந்த மரமாகச் சரிந்தான். அவன் தலை தரையில் மோதுமுன் அவள் பாய்ந்து மடி கொடுத்தாள். அவன் அலறல் கேட்டுக் கடைக்காரர் ஓடிவந்தார்.

எலும்பு விலகித்தான் இருந்தது. மீண்டும் அறுத்து, மீண்டும் சேர்த்தார்கள். மின்னஞ்சலைப் படித்தது வரைக்குமே தம்பிக்கு நினைவிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்து விழுந்துவிட்டான் என்று அக்காள் சொன்னாள். மருத்துவரிடமும் அதையே சொன்னாள். அவனை மறுபடி அவள் தன் வீட்டுக்கு அழைத்து வரவில்லை. மருத்துவமனையிலிருந்து நேரே அவன் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அவன் மனைவிக்கு அதில் வருத்தம். "நாத்தனாருக்குச் சலிச்சுப்போச்சு போல" என்று யாரிடமோ சொன்னாளாம். சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

புதியவர்களைச் சேர்க்கும் பணியைச் சங்கத்திடமே திருப்பிக் கொடுத்தாள். ஓர் ஆட்டம் மட்டும் அவள் கையில் எஞ்சியது. நகர்வு ஒவ்வொன்றுக்கும் கொடுத்த நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டாள். முன்கூட்டி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. முன்னறை ஜன்னலை எந்த மழைக்கும் சாத்துவதில்லை. நிதானத்தின் கடிதங்கள் பணிவாகவே இருந்தன. எதிர்வீட்டுக்காரர் வாசலுக்குப் புதுச் சாயம் பூசுகிறார் என்று எழுதுவார். தெருமுனையில் குழி தோண்டியிருக்கிறார்கள், வரும்போது பார்த்து வாருங்கள் என்று எழுதுவார்.

அவள் பார்த்துத்தான் வந்தாள்.

ஒரு நாள் பிற்பகல் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னறையில் அவள் கைபேசி ஒலித்தது. சற்றில் ஒலி நின்றுவிட்டது. மிச்சப் பாத்திரங்களையும் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு அவள் வந்தாள். கைபேசி ஜன்னல் திண்டின்மேல் இருந்தது. அதிலிருந்து தம்பியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்காவா? நான் இன்னிக்குக் கோல் இல்லாம நடந்தேன். தெருக்கோடி வரைக்கும்."

அவள் கண்கள் நிறைந்தன. "மெதுவாடா. யார்கிட்ட பேசிட்டிருந்த இவ்ளோ நேரம்?"

"போன எடுத்தாரே, அவர்கிட்டதான். வீட்டுல பெரியவர் யாரோ வந்திருக்காங்கன்னு சொல்லவே இல்லயே நீ. நல்ல மனுஷன். கால் எப்படி இருக்குன்னு விசாரிச்சாரு. மூலையில நின்னப்ப ரொம்ப வலிச்சிருக்கும், மன்னிச்சுக்கப்பான்னாரு. எந்த மூலைக்கா?"

அவள் ஜன்னலருகே நாற்காலியைப் பார்த்தாள்.

"அப்புறம், இன்னியோட மூணு நாள் முடியுதாம். உன் முறைன்னு ஞாபகப்படுத்தச் சொன்னாரு."