கணுச்சிவப்பியின் சம்மதம்

காலையில் காட்டுக்குள் நுழைந்ததும் என் முதல் வேலை, செடியின் சம்மதத்தை முகர்ந்து சொல்லும் இசைவுமானியின் மூக்கைத் துடைத்து வெறுங்காற்றில் ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பது. அதில் ஈரம் பட்டால் கருவி பொய் சொல்லும். பல் தேய்க்க மறந்தாலும் மறப்பேன், இதை மறக்க மாட்டேன். இந்த ஆனைமலைச் சரகத்துக்கு நான்தான் வனக்காவலர், என்னைத் தாண்டி ஒரு இலை வெளியே போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

அன்று காத்திருந்தவர்கள் நாச்சிமுத்துவும் அவர் மனைவி தவமணியும். அவர் பொள்ளாச்சிக்காரர், தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவள் இங்கே மலைமேல் வால்பாறையிலேயே பிறந்து வளர்ந்தவள். இரண்டு முறை பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. கணுச்சிவப்பியின் கொழுந்தைப் பாலில் அரைத்துக் குடித்தால் கரு தங்கும் என்பது மலைப் பெண்களின் பழைய வைத்தியம். ஆய்வுக்கூடங்களும் பின்னால் ஒப்புக்கொண்டன. ஆனால் தொட்டியில் வளர்த்த செடியில் அந்தச் சத்து ஊறவே இல்லை. காட்டுச் செடிதான் தர வேண்டும்.

அதுவும் மனசு வைத்துத் தர வேண்டும். ஒரு காலத்தில் மருந்து வியாபாரிகள் வேரோடு பிடுங்கிப் பிடுங்கி மலையையே மொட்டையடித்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இசைவுச் சட்டம். செடி மிரண்டால் ஒரு வாசம் விடும், நிம்மதியாக இருந்தால் வேறு வாசம். கருவி அதை முகர்ந்து விளக்கைப் போடும். பச்சை என்றால் பறிக்கலாம். சிவப்பு என்றால் மந்திரியே வந்தாலும் திரும்ப வேண்டியதுதான். மூன்று முறை சிவப்பு விழுந்தால் மனு அத்தோடு முடிந்தது. இவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்துவிட்டது.

"இன்னைக்கு எப்படியும் கெடைச்சுருமுங்க மேடம். கோயிலுக்கெல்லாம் நேர்ந்துட்டுத்தான் வந்திருக்கறேன்," என்றார் நாச்சிமுத்து.

"செடிக்குக் கோயில் குளமெல்லாம் தெரியாதுங்க. சத்தம் போடாம வாங்க."

பெருமரங்களின் இருட்டில் இடுப்பளவு உயரத்தில் நின்றது கணுச்சிவப்பி. எதிரெதிராக இலைகள், மழைநீர் வடிய ஒவ்வொன்றுக்கும் நீண்ட வால். பூக்கள் கிளை நுனியில் வராது, தண்டையே பிளந்துகொண்டு வரும். சிவந்த கணுக்கள் உள்ளே கூடாக இருக்கும். அதில் எறும்புகள் குடியிருந்து, வாடகைக்குப் பதிலாக இலை தின்னும் புழுக்களை விரட்டும். எனக்கு இந்தச் செடியைப் பார்த்தாலே ஒரு கர்வம்.

கருவியை நீட்டினேன். மஞ்சளில் துடித்தது. மஞ்சள் என்றால் செடி யோசிக்கிறது, கொஞ்ச நேரத்தில் சிவப்பாகிவிடும். அப்போதுதான் மூக்குப்பொடி நெடி என் மூக்கில் ஏறியது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் பொடி தடவிக்கொண்டு வருவார்கள். கசங்கிய புகையிலை வாசம் பட்டால், பக்கத்தில் யாரோ ஒரு செடியைச் சிதைக்கிறார்கள் என்று கணுச்சிவப்பி மிரண்டுவிடும். மலையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். கீழேயிருந்து வருகிறவர்கள் செய்கிற தப்பு இது.

"ஏங்க, கால்ல பொடி தடவிட்டா வந்தீங்க?"

"அய்யய்யோ, நானில்லீங்க!" வேட்டியைத் தூக்கி அட்டைக் காலுறையைக் காட்டினார். தவமணி சேலையை இழுத்துக் கணுக்காலை மூடினாள்.

"ஏம்புள்ள, நீயா?" என்றார் நாச்சிமுத்து. "அந்த ரெண்டு தடவை செவப்பு விழுந்ததும் இதுனாலதானா? போ, ஓடையில கழுவிட்டு வா!"

அவள் ஓடைக்குப் போனாள். தெரியாமல் செய்தவளாக இருந்தால் பதறியிருப்பாள். இவள் கல்லில் உட்கார்ந்து நிதானமாகக் கழுவினாள். எனக்கு அங்கேதான் விளங்கியது, இவள் வேண்டுமென்றேதான் பொடி தடவிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவள் திரும்பி வந்து நின்றாள். மறுபடி கருவியை நீட்டினேன். செடி மெல்ல அடங்கியது, விளக்கு பச்சைக்கு வந்தது.

"பச்சைங்க! பச்சை!" நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொழுந்தை நோக்கிக் கையை நீட்டினார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"செடியைக் கேட்டாச்சு. இவங்களைக் கேட்டீங்களா?"

"இதுல கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? கொழந்தை வேண்டாம்னு எவ சொல்லுவா?"

"நான் சொல்றேன்," என்றாள் தவமணி. "ரெண்டாவது தடவை ரத்தம் போனப்ப பொழைக்க மாட்டேன்னுதான் நெனச்சேன். இன்னொரு தடவை என் உடம்பு தாங்காதுங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவர் முகம் வெளிறிப்போனது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? உங்கம்மா ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்னு சமாதானம் பண்ணி இங்கயேதான் கூட்டிட்டு வந்திருப்பீங்க. செடி வேண்டாம்னு சொன்னாத்தான் எல்லாரும் கேக்கறீங்க."

நாச்சிமுத்து அவள் பக்கம் திரும்பினார். நான் அவர் கையை விட்டுவிட்டேன். கொழுந்து எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, விளக்கும் பச்சையாகவே எரிந்தது.

"தவமணி," என்றார். "பறிக்கட்டுமா?"

"வேண்டாங்க."

அவர் கையை மடக்கிக்கொண்டார்.