வேலியில் நாற்பது டின்

அந்திக் காற்று ரப்பர் மரங்களைத் தாண்டி வந்து வேலியை உலுக்கியது. முப்பத்தொன்பது டின்கள் கிணுகிணுத்தன. ஒன்று மட்டும் ஆடியதே தவிர சத்தம் போடவில்லை.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராமகிருஷ்ணனுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. லிங்கி ஊர்ப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி வானமே தன் தோள்மேல்தான் நிற்கிறது என்று நம்புகிறவர் அவர். வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கியோடு சிலர் காட்டுக்குள் போக, அவசரகாலம் பிறந்து மூன்றாவது வருஷம். காட்டிலிருந்து அவன் அரிசிக்காக வருவான், அவன் பேரைச் சொல்லிக்கொண்டு திருடனும் வருவான். ஆகவே ‘வீட்டுப் பாதுகாப்பு விதிகள்’ என்று பதினோரு விதிகளை டைப் அடித்து, காலையில் ஆள் எடுக்கும் பிரட்டுக் களத்தில் அவர் ஒட்டியிருந்தார்.

“எங்க லயத்து வீட்டுல திருடறதுக்கு என்னா இருக்கு கிராணியாரே, மூட்டப்பூச்சியா?” என்றார் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி. “தூக்கிட்டுப் போனா அவனத்தான் கடிக்கும்லா!”

களமே சிரித்தது. கிராணி சிரிக்கவில்லை. அவர் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கட்டை விரல் பருமனில் கம்பி. முன்கதவுக்கு உள்பக்கம் நான்கு, பின்கதவுக்கு இரண்டு, எல்லாம் தம்பின் டவுன் யாக்கூப் கடையில் வாங்கிய திண்டுக்கல் பூட்டுகள். ஆறு சாவிகளும் அரைஞாண் கயிற்றில். அவர் நடந்தால் கோயில் மாடு வருகிறது என்று பிள்ளைகள் விலகும். வீட்டைச் சுற்றி முள்கம்பி வேலி. அதில் நாற்பது பால் டின்கள், வாய் கீழே பார்க்க, உள்ளே நாக்குப்போல ஓர் ஆணியோடு. இத்தனையும் காத்தது ஒரு ரேடியோ, மனைவி வள்ளியம்மாவின் நகைகள், துரை தூக்கிப் போடாமல் கொடுத்த ஒரு தொப்பி.

சத்தம் போடாத டின்னுக்குள் அவர் விரலை விட்டார். ஜில்லென்று, மெத்தென்று ஏதோ விரலைத் தடுத்தது. ரப்பர் பால். விளிம்புவரை ஊற்றி உறையவைத்த பால். பாலை உறையவைக்கும் மருந்துத் தண்ணீரின் புளித்த காரம் மூக்கில் ஏறியது.

தலைகீழாகத் தொங்கும் டின். பால் கெட்டியாக நேரம் பிடிக்கும். அதுவரை யாரோ அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வேலியோரம் அசையாமல், அவர் வீட்டையே பார்த்தபடி நின்றிருக்க வேண்டும்.

லயத்துப் பயல்களின் குறும்பு என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். பூட்டுகளை ஒருமுறைக்கு மூன்றுமுறை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் பதினோரு டின்கள் ஊமையாயின.

“என்னய்யா ஜாகா பண்றே நீ?” என்று காவலுக்கு இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தங்கராஜுவைப் பிடித்துக்கொண்டார்.

“ராத்திரி பூரா நாந்தானே சுத்துறேன் ஐயா. ஒரு நாய்கூட வரல.” துப்பாக்கியைத் தோள் மாற்றினான். “கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு பஞ்சாலை காணாமப் போனதுலேருந்துதான் இப்படி...”

“அந்தப் பேச்சு எதுக்கு இப்ப? இன்ஸ்பெக்டர்கிட்ட எழுதியே குடுத்தாச்சு. டின் அடிக்கல. அடிக்கலன்னா யாரும் வரல.”

“நீங்க சொன்னா சரிதான் ஐயா,” என்றவன் அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தான்.

டின் அடித்தது. பத்து நாளைக்கு முன், ஊரடங்குச் சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில், மரத்தில் பால் வெட்டும் பஞ்சாலை ஓடிவந்து வேலியைப் பிடித்து உலுக்கியபோது நாற்பதும் சேர்ந்து அலறின. “கிராணியாரே, கதவத் தொறங்க! வர்றானுங்க!” வந்தவர்கள் காட்டு ஆட்களா, திருடர்களா, உடுப்புப் போட்டவர்களா, கதவைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். வள்ளியம்மா எழுந்து கதவுக்கு ஓடினாள். அவர் சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு விளக்கை ஊதி அணைத்தார். ஏழாம் விதி: சங்குக்குப்பின் எந்தக் குரலுக்கும் திறக்கலாகாது. டின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. விடிந்தபோது வேலியோரம் அவளுடைய பால் வாளி மட்டும் கிடந்தது. ஏழாம் விதியைத் துரை மெச்சித் தோளில் தட்டினார்.

அன்றிலிருந்து வள்ளியம்மா அவரோடு பேசுவதில்லை. பதினோரு டின் சங்கதியைக் கேட்டதும் மட்டும் சொன்னாள்: “நீங்க சொன்ன பொய்ய யாரோ மெய்யாக்கிட்டு இருக்காங்க.”

மூன்றாம் நாள் காற்று மரங்களின் தலையைப் பிடித்து ஆட்டியது. ரப்பர் காய்கள் பட்பட்டென்று வெடித்து விதைகள் தகரக் கூரையில் விழுந்து உருண்டன. வேலியில் நாற்பது டின்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆடின. சத்தமில்லை.

சங்கு ஊதுமுன்பே எல்லாவற்றையும் பூட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்குத் திரியின் எண்ணெய் வாசம், சுவரின் ஈர வாசம், இரண்டுக்கும் அடியில், முதலில் தன் கைவிரலில்தான் ஒட்டியிருக்கிறதோ என்று அவர் முகர்ந்து பார்த்த அந்தப் புளித்த காரம், மெதுவாக, பழகிய விருந்தாளிபோல வீட்டுக்குள் பரவியது.

எழுந்தார். திறந்து வெளியே போக, முன்கதவுப் பூட்டில் சாவியைச் செருகப் பார்த்தார். நுழையவில்லை. துவாரம் வெள்ளையாக இருந்தது.

தொட்டார். ஈரம்.

இன்னும் உறையவில்லை. அப்படியென்றால் இப்போதுதான். உள்பக்கம்.

மற்ற மூன்றும் அப்படியே. பின்கதவுக்கு ஓடினார். அங்கேயும் வெள்ளை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் உலுக்கினார். யானை வந்தாலும் அசையாது என்று கம்பி போட்ட கொல்லன் சொன்னது பொய்யல்ல.

சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு. ஓரடி தள்ளி இன்னொன்று. அடுத்தது. படுக்கையறையை நோக்கி.

“வள்ளி?”

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் பாயைப் பிடித்திருந்தன. கண்கள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குச் சற்று மேலே பார்த்தன. தலையை மட்டும் அசைத்தாள். வேண்டாம் என்பதுபோல.

வெளியே பூட்ஸ் சத்தம். நின்றது.

“ஐயா! எல்லாம் சரிதானே?”

தங்கராஜு. பத்தடி தூரம். துப்பாக்கியோடு. கதவை உடைக்கச் சொன்னால் போதும். ராமகிருஷ்ணன் வாயைத் திறந்தார்.

பின்னாலிருந்து ஒரு கை அதைப் பொத்தியது.

சின்னக் கை. பால் வெட்டும் கத்தி பிடித்துக் காய்த்த உள்ளங்கை. ஜில்லென்று இருந்தது.

வள்ளியம்மாவின் கைகள் இரண்டும் பாயின்மேல்.

“தூங்கிட்டாரு போல,” என்று வெளியே குரல் முணுமுணுத்தது. பூட்ஸ் நகர்ந்தது. தேய்ந்தது. போய்விட்டது.

விரல்கள் பற்களை விலக்கின. அவசரமில்லாமல். பால் வழிந்து உள்ளே இறங்கியது. நாக்கின்மேல் நின்றது.

கை விலகவில்லை. அவர் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அசையாமல், அது காத்திருந்தது.