சும்மா என்றொரு மாணவி

கடைசி மணி அடித்து, பேருந்துகளின் இரைச்சலும் ஓய்ந்து, வீடு போய்ச் சேர்ந்த பிள்ளைகள் பள்ளி கொடுத்த மடிக்கணினியைத் திறக்கத் திறக்க, கம்ப்யூட்டர் மிஸ்ஸின் திரையில் வட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டிருந்தன. ஒரு வட்டத்துக்குள் ஒரு பிள்ளையின் புகைப்படம். விளிம்பு பச்சையானால் அந்தப் பிள்ளை இணையத்தில் இருக்கிறது என்று பொருள். கடைசி வரிசையில் கடைசி வட்டமும் பச்சையாக இருந்தது. அதில் புகைப்படம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு தலை, சாம்பல் நிறத்தில் தோள்கள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல்.

அந்தப் பிள்ளை பச்சையாக முடியாது. அப்படி ஒரு பிள்ளையே இல்லை.

பள்ளியில் பாதுகாப்பு மென்பொருள் வந்த நாளில் மிஸ்ஸே உருவாக்கிய மாணவி அது. பிள்ளைகள் பார்க்கக் கூடாத பக்கங்களை அந்த மென்பொருள் மறிக்கும். அவர்கள் தட்டச்சு செய்வதில் ஆபத்தின் வாடை அடித்தால், மிஸ்ஸின் திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கையைத் தூக்கிப் போடும். எச்சரிக்கை ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க ஒரு பொய் மாணவி வேண்டியிருந்தது. பெயரில்லாமல் மென்பொருள் ஏற்றுக்கொள்ளவில்லை. ‘சும்மா’ என்று அடித்தாள்.

ஆசிரியர் அறையில் அது பெரிய வேடிக்கையாகிப் போனது.

“உங்க சும்மா ஹோம்வொர்க் முடிச்சாளா மிஸ்?” என்பார் கணக்கு வாத்தியார்.

“உங்க வகுப்புல அவ ஒருத்திதான் சார் தூங்காம இருக்கா” என்பாள் மிஸ்.

திங்கட்கிழமை காலைகளில், வகுப்பு தொடங்கும் முன், மிஸ் சும்மாவின் கணக்கில் நுழைந்து, ஒரு பிள்ளை எழுதக் கூடியதிலேயே மோசமானவற்றை எழுதிப் பார்ப்பாள். எனக்கு பயமா இருக்கு. வீட்ல யாரும் இல்ல. யாரோ கதவுகிட்ட நிக்கிறாங்க. யாராவது வாங்க. சிவப்பு எச்சரிக்கை வரும். ‘பொய் எச்சரிக்கை’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போவாள்.

மென்பொருள் நிறுவனத்திலிருந்து பயிற்சி கொடுக்க வந்த இளைஞன் அதைத்தான் சொல்லியிருந்தான். “நீங்க அழுத்த அழுத்த அது கத்துக்கும் மிஸ். புலி வருது, புலி வருதுன்னு கத்திக்கிட்டே இருந்தா யாரு எழுந்து வருவா? ஒரே மாதிரி பொய்யா வந்தா அதுவே மூடிடும். உங்களைத் தொந்தரவு பண்ணாது.”

அது நன்றாகவே கற்றுக்கொண்டது. சில மாதங்களில் அவள் எழுதிய வாக்கியங்களுக்கு எச்சரிக்கை வருவது நின்றது. மென்பொருள் மந்தமாகிவிட்டது என்று நினைத்து, சொற்களை மாற்றி எழுதினாள். வந்தது. மூடினாள். அடுத்த வாரம் அதுவும் வரவில்லை. மறுபடி மாற்றினாள். ஒரு பிள்ளை எப்படியெல்லாம் அழைக்குமோ, அப்படியெல்லாம் எழுதிப் பார்த்தாயிற்று.

இன்று திங்கட்கிழமை இல்லை. சும்மாவின் கணக்கை அவள் திறக்கவும் இல்லை.

எழுந்து கணினி ஆய்வகத்தைச் சுற்றி வந்தாள். மூடிய அறையில் சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் பிள்ளைகளின் சாக்ஸும் கலந்த வாடை இன்னும் மிச்சமிருந்தது. மேகம் கவிந்து, மேசைகளுக்கு அடியில் இப்போதே இருட்டிவிட்டது. கணினிகள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் ஆறிக் கிடந்தன. கணக்கு வாத்தியாரின் விளையாட்டோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இவள்.

இன்னொருத்தி சிட்டு. இதே பள்ளியில் ஏழாவது படிக்கும் மகள். போன மாதம் எலும்புக்கூடு பற்றிய பாடத்துக்குத் தேடியபோது, மார்பெலும்பு என்ற சொல்லைப் பார்த்ததுமே மென்பொருள் பக்கத்தை மறித்துவிட்டது. சும்மாவுக்கு மட்டும் எந்தத் தடையும் கிடையாது. “ஒரே ஒரு தடவைம்மா” என்று கெஞ்சினாள். இவளும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டாள்.

அப்படியென்றால் தடையில்லாத கணக்கில் இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்?

கொஞ்ச நாளாகவே அவள் சரியில்லை. அப்பாவுக்கு வெளியூரில் வேலை. பள்ளி விட்டதும் அம்மா வரும்வரை வீட்டில் தனியாக இருப்பவள்தான். திடீரென்று மாட்டேன் என்றாள். உள்ளறையில் தட்டச்சு சத்தம் கேட்கிறது என்றாள். “கதை அளக்காத. வேலை நேரத்துல சும்மா சும்மா போன் பண்ணவும் கூடாது” என்று மிஸ் அதட்டினாள். அதற்குப் பிறகு சிட்டு எதுவும் சொல்லவில்லை. அந்த அமைதியும் இப்போது சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்கு போன் செய்தாள். நெடுநேரம் அடித்தபின் சிட்டுவின் குரல் வந்தது.

“சிட்டு, சும்மா கணக்குல நுழைஞ்சியா?”

“இல்லம்மா.”

“பொய் சொல்லாத. எனக்கு இங்க தெரியுது.”

“நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க மெதுவா வாங்க.”

நீங்களாம், வாங்களாம். சிட்டு அம்மாவிடம் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். குட்டு வெளிப்பட்டால்தான் மரியாதை வரும். சிட்டு மாட்டிக்கொண்டாள் என்றே மிஸ் நினைத்தாள். அப்போதுதான், குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம். உலர்ந்த, வேகமான, நகங்கள் தட்டில் படுவது போன்ற தட்டச்சு சத்தம்.

“யாரு அங்க டைப் பண்றது?”

“மழைம்மா.”

ஜன்னலைப் பார்த்தாள். வீடு அடுத்த நிறுத்தத்தில்தான். மழை இன்னும் தொடங்கவில்லை.

இணைப்பு அறுந்தது.

கைப்பையை எடுத்துக்கொண்டு, கணினியை அணைக்கக் குனிந்தபோது திரை சிவந்தது. சும்மாவிடமிருந்து எச்சரிக்கை.

யாராவது வாங்க.

அவளுடைய வாக்கியம். அவள் எழுதியது. அதற்கு எச்சரிக்கை வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. விரல் பழக்கத்தில் தானாகப் போய் ‘பொய் எச்சரிக்கை’யை அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான், இன்று அதைத் தான் எழுதவில்லை என்பது உறைத்தது.

மறுபடி சிவப்பு.

எத்தனை தடவை சொல்றது?

இதை அவள் எழுதியதே இல்லை. எந்தத் திங்கட்கிழமையும் எழுதியதில்லை. சிட்டுவா? அம்மாவைப் பயமுறுத்திப் பார்க்கிறாளா? பயிற்சி கொடுத்த அந்த இளைஞன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு விளையாடுகிறானா? யார் மீதாவது கோபப்பட முடிந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

மறுபடி.

பரவாயில்ல. இப்ப துணைக்கு ஒருத்தி இருக்கா.

சிட்டுவின் வட்டத்தைத் தொட்டாள். பல் தெரியச் சிரிக்கும் புகைப்படம், பச்சை விளிம்பு. எச்சரிக்கைகள்: இல்லை. துடைத்து வைத்தது போலச் சுத்தமான பக்கம். இத்தனை சுத்தமா? கீழே, ஓரத்தில், இத்தனை நாளும் அவள் திறந்தே பார்க்காத ஒரு வரி இருந்தது. தானாக மூடப்பட்டவை.

திறந்தாள்.

எனக்கு பயமா இருக்கு.

கீழே தள்ளினாள். உள்ள யாரோ இருக்காங்க. தள்ளினாள். அம்மா நம்ப மாட்டேங்கிறா. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நேற்று. அதற்கு முந்தைய நாள். போன வாரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே குறிப்பு: பொய் எச்சரிக்கை, உங்கள் முந்தைய முடிவுகளின்படி மூடப்பட்டது.

பள்ளியின் காலைக் கூட்டத்தில் மைக் முன்னால் நின்று இவளே சொல்லியிருந்தாள். வாயால சொல்ல முடியலன்னா எழுதுங்க பசங்களா. நாங்க பார்த்துக்கிட்டே இருப்போம். வரிசையில் நின்று சிட்டுவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுதியிருக்கிறாள்.

பக்கத்தின் உச்சிக்குப் போனாள். கடைசியாக எழுதியது. சற்று முன்புதான்.

போன்ல பேசுறது நான் இல்லம்மா.

மூடப்பட்டது.

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஒரு கையால் மறுபடி வீட்டுக்கு போன் செய்தாள். மறு கையால், பிள்ளையின் மடிக்கணினிக் கேமராவை இங்கிருந்தே திறக்கும் பொத்தானைத் தேடினாள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தொட வேண்டிய பொத்தான். அழுத்தினாள்.

இருட்டு. பிறகு, மிக அருகில், சிட்டுவின் முகம்.

கட்டிலுக்கு அடியில் இருந்தாள். மடிக்கணினியின் வெளிச்சம் கன்னத்தில். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். கண்கள் மட்டும்.

போன் எடுக்கப்பட்டது.

“சாப்பிட்டாச்சும்மா” என்றது சிட்டுவின் குரல். “நீங்க மெதுவா வாங்க.”

படத்தில் சிட்டுவின் கை வாயை விட்டு விலகவில்லை.

அவளுக்குப் பின்னால், கட்டிலின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம். அதில் இரண்டு கால்கள். சாம்பல் நிறம். விரல்கள் இல்லை. வரைந்து நிரப்பியது போல வழுவழுவென்று. மெல்ல நடந்துகொண்டிருந்தன.

“சிட்டு” என்றாள். சொல்லியிருக்கக் கூடாது. போனுக்குள் சொன்னது அந்த அறைக்குள் கேட்டது.

கால்கள் நின்றன.

திரும்பின.

சாம்பல் முட்டி தரையைத் தொட்டது. ஒரு சாம்பல் உள்ளங்கை. பிறகு, மெதுவாக, வெளிச்சக் கீற்றுக்குள் ஒரு தலை குனிந்தது. முடி இல்லை. கண் இல்லை. மூக்கு இல்லை.

“இத்தனை நாள் வராதவங்க” என்றது மகளின் குரல், காதோரம், பிரியமாக. “இப்ப மட்டும் எதுக்கும்மா அவசரம்?”

படத்தின் மேல் ஒரு கட்டம் வந்து விழுந்தது. பொய் எச்சரிக்கை. உங்கள் முந்தைய முடிவுகளின்படி மூடப்பட்டது.

படம் போனது. வட்டங்கள் வந்தன. வரிசை வரிசையாக.

சிட்டுவின் பெயருக்கு மேலே சாம்பல் தலை. சாம்பல் தோள்கள்.

கடைசி வரிசையில் கடைசி வட்டம் பச்சையாக இருந்தது. அதற்குள் இப்போது ஒரு புகைப்படம் இருந்தது. வாயைக் கையால் பொத்தியபடி, கண்களை அகல விரித்து, திரைக்கு வெளியே அம்மாவைப் பார்த்துக்கொண்டு.