டிஷ்யூ வைத்த மேசை

தடாலென்று பெட்டி கட்டிலிலிருந்து விழுந்தது. டானியலா அறைக்கு ஓடினாள்.

தாரணி அக்கா துணிகளை அள்ளித் திணித்துக்கொண்டிருந்தார். அவர் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் படிக்க வந்தவர். ஆங் மோ கியோவில் டானியலாவின் வீட்டில் அறை எடுத்து இரண்டே வாரம் ஆகிறது.

"எங்க போறீங்கக்கா?"

"ஊருக்கே போறேன். இதைப் பாரு."

காலை நாளிதழில், உணவங்காடியில் அக்கா சாப்பிடும் படம். மேலே கொட்டை எழுத்தில், 'இடத்தைப் பறித்த வெளிநாட்டு மாணவி'. கீழே, 'இவர்களுக்குப் பண்பே தெரியாதா?' என்று ஒரு கேள்வி.

"லிஃப்ட்ல மேல்வீட்டு வசந்தகுமாரி ஆன்ட்டிகூட முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க" என்றார் அக்கா.

"என்னதான் நடந்துச்சு?"

"காலி மேசையில டிஷ்யூ பாக்கெட் கிடந்துச்சு. யாரோ மறந்துட்டாங்கன்னு கடைக்காரர்கிட்ட கொடுத்துட்டு உட்கார்ந்தேன்."

டானியலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, டிஷ்யூ வச்சா அந்த இடம் அவங்களுது லா. வச்சிட்டுத்தான் சாப்பாடு வாங்கப் போவாங்க."

"எங்க ஊர் பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிப்பாங்க. துண்டுன்னா கண்ணுக்குத் தெரியும். டிஷ்யூவுக்குமா இந்த மரியாதை?"

"பேப்பர்காரங்க உங்ககிட்ட கேட்டாங்களா?"

"யாருமே கேக்கல."

"அப்ப நாம சொல்லுவோம். அதுவரைக்கும் பெட்டியை மூடாதீங்க."

அம்மாவின் கைபேசியில் டானியலா அந்த நாளிதழுக்கு மின்னஞ்சல் எழுதினாள்.

'அக்கா இடத்தைப் பறிக்கவில்லை. தொலைந்த பொருள் என்று நினைத்துக் கடையில் கொடுத்தார். நம் வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நீங்களும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டானியலா, வயது 11.'

நான்காம் நாள் அவள் கடிதம் நாளிதழில் வெளிவந்தது. பத்தாம் பக்க மூலையில், அன்றைய படத்தில் கால்வாசி அளவுக்கு.

சனிக்கிழமை இருவரும் அதே உணவங்காடிக்குப் போனார்கள். அக்கா மேசையில் இரண்டு டிஷ்யூ பாக்கெட்டுகளை வைத்தார்.

"ஒண்ணு போதும்கா."

"எதுக்கு வம்பு?"

அவர்கள் சாப்பாட்டோடு திரும்பியபோது, பரோட்டாத் தட்டுடன் வசந்தகுமாரி ஆன்ட்டி இடம் தேடிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு பாக்கெட்டை எடுத்துவிட்டு, "இங்க உட்காருங்க ஆன்ட்டி" என்றார்.

ஆன்ட்டி உட்காரவில்லை. "கடிதத்தைப் படிச்சேன். அன்னைக்கு அந்த டிஷ்யூ என்னோடதும்மா. படம் எடுத்து அனுப்புனதும் நான்தான். இப்பவும் உட்காரச் சொல்லுவியா?"

டானியலா அக்காவைப் பார்த்தாள். வீட்டில் பெட்டி இன்னும் திறந்தேதான் கிடந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பரோட்டா ஆறிடும், உட்காருங்க ஆன்ட்டி. நான் எங்கயும் போகல."