பொன்னுரங்கத்தின் ஐஸ் பெட்டி

வைத்த டீ காலியாகியிருந்தது.

செல்லம்மா முதலில் பூனையைத்தான் திட்டினாள். கடலுக்குப் போனவர் கரையேறும்வரை அவர் பங்கில் வீட்டில் வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது அந்தக் குப்பத்துப் பெண்களின் வழக்கம். அதனால் புருஷன் பொன்னுரங்கத்துக்குப் பிடித்த மாதிரி சர்க்கரையை அள்ளிப் போட்ட டீயைத் தினமும் சாயங்காலம் அவன் படகில் மீன் போட்டுவைக்கும் ஐஸ் பெட்டி மேல் வைத்துவந்தாள். படகு கவிழ்ந்து, ஆள் கிடைக்காமல், எண்ணூர்க் கரையில் அந்தப் பெட்டி மட்டும்தான் ஒதுங்கியது. ஓர் ஆள் மடங்கிப் படுக்கலாம், அவ்வளவு பெரிசு. வெறும் பெட்டி. அவளேதான் கழுவித் துடைத்து, கயிறு கட்டி உள்ளறையில் வைத்தாள்.

மறுநாள் ஒளிந்து நின்று பார்த்தபோது பூனை பாவம் என்று தெரிந்தது. குடித்தவை தேனீக்கள். ஐஸ் தண்ணீர் வடிகிற ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஊரில் பூவுக்கு எங்கே போகும் அவை? ஒன்று கிளாஸில் உறிஞ்சி வந்ததை ஓட்டையருகே நின்ற இன்னொன்றின் வாயில் ஊட்ட, அது உள்ளே கொண்டுபோனது. பிறகு ராவெல்லாம் சிறகு விசிறி, தண்ணீரை வற்றவைத்து, தேனாக்கும் ரீங்காரம். அவளுக்குப் பயமில்லை. சொல்லப்போனால் சந்தோஷம். வெறிச்சோடிய வீட்டில் அது அவன் குறட்டை மாதிரி கேட்டது. மறுநாளிலிருந்து இரண்டு கிளாஸ் வைத்தாள்.

செத்ததைத் தேனீக்கள் கூட்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை. காலையில் ஓட்டைக்குக் கீழே கிடக்கும், கூட்டித் தள்ளுவாள். ஒருநாள் அவற்றோடு ஒரு நீல நூல் கிடந்தது, அவன் கடைசியாகக் கட்டிப்போன லுங்கியின் நீலம். அப்புறம் ஒரு நகம். கட்டைவிரல் நகம். வலை இழுத்து ஓரம் பிளந்த நகம். அந்தப் பிளவை அவளுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு மெஹ்னாஸின் அப்பா தேன் எடுத்து விற்றவர். அவளிடம் கேட்டாள்.

"கூட்டுக்குள்ள பெரிசா எதுனா செத்துக் கெடந்தா இன்னா பண்ணும்?"

"முடிஞ்சா இழுத்து வெளிய போட்டுடும்க்கா. முடியலன்னா பிசின் பூசி மூடிடும். நாறாம அப்டியே கெடக்கும். ஏன்க்கா?"

செல்லம்மா வீட்டுக்குத் திரும்பினாள்.

அன்றைக்கே கொழுந்தன் ஜெயவேல் வந்தான். "அண்ணி, நாளிக்குக் காத்தால பெரியவங்கல்லாம் வராங்க. எத்தினி நாளிக்கு இப்டியே கெடப்ப? தாலிய கயட்டிடலாம். இந்தப் பொட்டியையும் கடல்ல வுட்டுடலாம்."

"உங்கண்ணன் பூட்டாருன்னு யாரு பாத்தா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

விடிந்தது. வாசலில் ஆட்கள் சேரும் சத்தம். அவள் டீ போட்டு எடுத்துவந்தாள், இன்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். பெட்டியைச் சுற்றித் தேன் வாசனை, உப்பு வாசனை, டீசல் வாசனை, மூன்றும் கலந்தால் அவன் சட்டை வாசனை. கயிற்றை அவிழ்த்தாள். மூடியைத் தூக்கினாள்.

ரீங்காரம் நின்றது.

மெழுகு. மடங்கிய முழங்கால். தோள். நெற்றி. எல்லாம் தேனடைபோல் அறை அறையாக. அறைக்குள் அவள் வைத்த டீ, தேனாகி. அந்த நெஞ்சு ஏறி இறங்கியது. வாயை மட்டும் தேனீக்கள் இன்னும் மூடவில்லை.

"இன்னாய்யா... வந்துட்டியா?"

கிளாஸை அந்த வாயில் வைத்தாள். குடித்தது.

பிறகு ஒரு கை நகர்ந்து அவள் கையைப் பிடித்தது. சூடு. கட்டைவிரலில் நகம் இல்லை.

பயத்தில் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கத்த வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. இத்தனை நாள் ஏங்கிய கை.

"அண்ணி, கதவைத் தொற." ஜெயவேல் தட்டினான்.

தேன் பக்குவமானால் தேனீக்கள் அறையை மூடிவிடும். முதலில் அவன் உதடு. அப்புறம் கூட்டமாக ஏறின. ஒன்றுகூடக் கொட்டவில்லை. அவள் விரல்கள். மணிக்கட்டு. முழங்கை. கழுத்து.

கதவு அதிர்ந்தது. செல்லம்மா தலையைக் குனிந்து பார்த்தாள். தாலிக் கயிற்றின்மேல் வரிசையாக உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், அவை மெழுகு வைத்துக்கொண்டிருந்தன.