கடுகும் கோலிக்குண்டும்

மழை வந்தால் ஊரே மகிழும். கடுகின் அப்பா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவர் தையல்காரர். மொட்டை மாடியில் தேங்கும் தண்ணீர் நேராக அவருடைய தையல் அறைக்குள் சொட்டும். போன மழையில் தைத்து வைத்த பள்ளிச் சீருடைகள் எல்லாம் நனைந்து, பாவம், மனிதர் அழாத குறைதான்.

கடுகு என்பது பட்டப்பெயர். ஆள் பொடிசு; வாய் பெரிசு.

அவள் அம்மா கொத்தனார். "இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிடறேன்" என்று உளியும் சுத்தியலுமாக மாடி ஏறினார். கடுகும் பின்னாலேயே ஓடினாள்.

மாடியில் எந்த இடம் எல்லாவற்றிலும் பள்ளமோ, அங்கே ஓட்டை போட்டு வெளிப்பக்கமாகக் குழாய் இறக்கினால் தண்ணீர் தங்காது. அதைக் கண்டுபிடிக்க அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. படிக்கட்டு வாசலில் நின்று ஒரு கோலிக்குண்டை உருட்டி விடுவார். அது நிற்கும் இடம்தான் பள்ளம்.

குண்டு உருண்டு போய், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றது.

"அவ்வளவுதான்! சுத்தி எல்லாப் பக்கமும் மேடு. இதைவிடப் பள்ளம் கிடையாது" என்று அம்மா உளியை வைத்தார்.

"பொறும்மா! அந்த மூலையிலருந்து விட்டுப் பாக்கலாமா?"

"எங்கருந்து விட்டாலும் இங்கதான்டி வரும்."

"வந்தா, நான் ஒரு வாரம் வாயே திறக்க மாட்டேன்."

அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. "சரி, விடு விடு!"

எதிர் மூலையிலிருந்து கிளம்பிய குண்டு, தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டது. அம்மா மட்டம் பார்த்தார். அந்த இடம்தான் இன்னும் பள்ளம்!

"நல்லவேளை! சரி, ஓட்டைய இங்கயே போட்டுடலாம்."

"போட்டா, தொட்டிப் பக்கத்துத் தண்ணி எப்படிம்மா இங்க வரும்? நடுவுல மேடு மறிக்குதே!"

கடுகு கீழே ஓடி, சமையலறையிலிருந்து வாணலியைத் தூக்கி வந்தாள். அதன் விளிம்பில் எங்கே விட்டாலும் குண்டு அடியில் போய்த்தான் நின்றது.

"பாரும்மா, இதுல ஒரே பள்ளம்தான். நடுவுல மேடே இல்ல. நம்ம மாடியும் இப்படி இருந்தா, குண்டு எங்க நின்னாலும் அதுதான் கடைசிப் பள்ளம். அது நம்மள ஏமாத்தவே முடியாது!"

"அடி என் கடுகே!" என்று அம்மா அவளை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

அம்மா மேட்டைக் கொத்தி எடுத்தார். கடுகு தண்ணீர் ஊற்ற, சிமெண்ட் குழைத்துத் தொட்டிப் பக்கத்துப் பள்ளத்தை நிரப்பி, சுவரோரம் வரை சரிவாகப் பூசினார். காய்ந்ததும் தெருப் பிள்ளைகள் எல்லா மூலைகளிலும் நின்று கோலிகளை உருட்டினார்கள். அத்தனையும் 'டக் டக்' என்று மோதிக்கொண்டு ஒரே இடத்தில் குவிந்தன. அங்கே அம்மா ஓட்டை போட்டுக் குழாயைப் பொருத்தினார்.

அடுத்த மழை வெளுத்து வாங்கியது. அப்பா பதறிப்போய்ச் சீருடைகளை வாரி அணைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. வெளியே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் துணிகளை இறக்கி வைத்தார். ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, மழையைப் பார்த்து விசிலடித்தபடியே தைக்க உட்கார்ந்தார்.